முட்டு கொடுக்காத இடம்

கறுப்புத் திரையில் சாம்பல் நிற வட்டம் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. என் செண்பகத்தின் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்பக்கம் அது என்றார் டாக்டர் ஸ்ரீகண்டன். நூல் போன்ற குழாயை உள்ளே விட்டு, அதன் நுனிக் கருவியால் எடுத்த படமாம். காலையில் ஈஜிபுரா வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, வாய்க்கொழுப்பு மட்டும்தான்.

"உள் சுவர் கிழிஞ்சு பிரிஞ்சிருக்கு. பின்னாடி ரத்தம் தேங்கி வழியை அமுக்குது" என்று விரலால் காட்டினார்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடும்வரை கூரைப் பாறைக்கு மரமுட்டு கொடுக்கிற வேலைதான் பார்த்தேன். இப்போது பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேட்டில் காவலுக்கு நிற்கிறேன். பாறை பிளந்து தொங்கினால் முதலில் முட்டு, மற்றதெல்லாம் அப்புறம்.

"அந்தக் கம்பிச்சுருள், ஸ்டென்ட்டு, அத்த வெச்சி முட்டு குடுங்க சார். எங்க சூப்பர்வைசருக்கு வெச்சாங்களே."

"வேணாம். வெச்சா தேங்கின ரத்தம் நசுங்கி முன்னாடி ஓடும், இன்னும் கிழியும். இந்தப் படம் பாக்கலேன்னா நானே வெச்சிருப்பேன். இப்ப ரத்தம் போயிட்டுதான் இருக்கு. தொடாம விட்டா தானா ஆறிடும், பெரும்பாலும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கூரை தொங்கறத பாத்துகினு யாராச்சும் கைய கட்டி நிப்பாங்களா சார்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"அப்படி ஆயிட்டா உடனே உள்ள போவோம். அதுவரைக்கும் காத்திருக்கணும்."

கத்திப் பார்த்தேன். கும்பிட்டும் பார்த்தேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே புகுந்து பார்த்தவர் சொல்கிறார், நான் என்னத்தைச் சொல்ல? அந்தப் 'பெரும்பாலும்' மட்டும் காதிலேயே நின்றது.

ஐசியூவில் செண்பகம் கண் திறந்தாள். "இன்னாய்யா, மூஞ்சி இப்டி கீது? இன்னா பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா வுடணுமாம்."

"அப்ப உனுக்கு இங்க வேலையே இல்லன்னு சொல்லு" என்று சிரிக்கப் போனவளுக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. என்னை அறியாமல் அவள் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினேன். இருமல் அடங்கி அவள் கண் சொருகிய பிறகும் எடுக்கவில்லை. எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

"டைம் ஆயித்து, ஹொரகடெ ஹோகி" என்று கன்னடத்தில் வெளியே போகச் சொல்லி வாசலைக் காட்டினாள் நர்ஸ். நான் அசையவில்லை. கடைசியில் அவளே என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். செண்பகத்தின் முதுகுச் சூட்டோடு கை வெளியே வந்தது.

விரிசல் விட்ட கூரைக்குச் சுரங்கத்தில் யாரும் முதுகைக் காட்டமாட்டோம். அவளைப் பார்த்தபடியே, கதவு வரை பின்பக்கமாக நடந்தேன்.