நேராக வரும் பந்து

காஞ்சிரங்குளத்து ரெனில் மாவட்ட பேஸ்பால் அணியில் சென்டர் ஃபீல்டு ஆடுபவன். மைதானத்தின் கடைக்கோடியில் தனியாக நின்று, உயரத்தில் வரும் பந்துகளை ஓடிப் பிடிப்பது அவன் வேலை. மாநில அணித் தேர்வுக்கு முந்தைய ஆண்டு அப்பா பத்ரோஸோடு கடலுக்குப் போனான். இழுபட்ட தூண்டில் தெறித்து, முள் இடது கண்ணில் தைத்தது. அந்தக் கண் போயிற்று.

கட்டு அவிழ்த்தபின் மைதானத்துக்குப் போனான். தலைக்கு மேலே வந்துவிட்டது என்று கை நீட்டிய பந்து பின்னால் வெகுதூரத்தில் விழுந்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

கூட வந்த அக்கா ஆலீஸ்தான் மட்டையை எடுத்தாள். நெய்யாற்றின்கரையில் துணிக்கடை வேலைக்குப் பேருந்து பிடிக்கும்முன், தினமும் காலையில் அவனுக்குப் பந்தடித்தாள். அவன் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தான். மட்டையில் படும் சத்தம் கனத்தால் பந்து தூரம் போகும். பார்வையில் மேலே ஏறிக்கொண்டே இருந்தால் தலையைத் தாண்டும். தாழ்ந்தால் முன்னால் விழும். முதல் அடியைப் பின்னால் வைத்தால் தப்பில்லை. நெஞ்சிலும் தோளிலும் அடிவாங்கி அடிவாங்கி, மழைக்காலம் முடியும்போது பெரும்பாலானவற்றைப் பிடித்தான்.

தேர்வு நாளில் பக்கவாட்டில் போனதையும் பின்னால் போனதையும் ஓடிப் பிடித்தான். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு ஒரு பந்து தாழ்வாக, விசையாக, அவனை நோக்கி நேராக வந்தது. ஏறவும் இல்லை, தாழவும் இல்லை. வலது புருவத்தில் அடித்தது.

"அக்கா, ஒண்ணும் தெரியல்ல," என்று கூப்பிட்டான்.

ஆலீஸ் ஓடிவந்து ரத்தத்தைத் துடைத்தாள். சற்றுநேரம் கழித்தே அவள் முகம் அவனுக்கு மங்கலாகத் தெரிந்தது. கோச் சுந்தரதாஸ் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார்; குறையில்லை என்றால் மாநில அணி முகாமுக்கு வரலாம், இடம் உறுதி என்றார்.

டாக்டர் குறையில்லை என்றார். வீட்டில் ரெனில் முகாமுக்குத் துணி எடுத்து வைத்தான். ஆலீஸ் வாசலில் நின்றாள்.

"மக்கா, எனக்க கையால இனி ஒரு பந்தும் அடிக்க மாட்டேன்."

"மத்த எல்லாத்தையும் பிடிச்சேன்லா அக்கா."

"பிடிச்ச. நேரே வந்தத பிடிக்கல்ல. ஒனக்கு மிச்சம் ஒரு கண்ணாக்கும். நீ கூப்பிட்ட சத்தம் இப்பவும் எனக்க காதில உண்டு."

எடுத்து வைத்த துணியை அவன் திரும்ப அலமாரியில் வைத்தான். பிறகு, வரவில்லை என்று கோச்சுக்கு ஃபோன் செய்தான். அவரும் வற்புறுத்தவில்லை.

அவன் இடத்தில், மாவட்ட அணியில் கூட ஆடும் லிண்டோ போனான். முகாம் முடிந்து அணி போட்டிகளுக்குப் புறப்பட்ட நாளில் ரெனில் நெய்யாற்றின்கரை ஸ்டேஷனுக்குப் போய், ரயில் ஜன்னலோரம் நின்று, போட்டி நடக்கும் மைதானங்களில் மாலை வெயில் எந்தப் பக்கம் கண்ணில் அடிக்கும் என்று விசாரித்து வைத்ததை எல்லாம் லிண்டோவிடம் சொன்னான். ரயில் போய்விட்டது. கடையிலிருந்து ஆலீஸ் வந்திருந்தாள். கண் போனபின், பார்வையில்லாத இடதுபக்கம் யாராவது பிடித்து நடத்தினால் அவன் உதறிவிடுவான். அன்று அவள் அவனுடைய இடது முழங்கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை.