ஏழாயிரத்து நூற்று நாற்பதுக்கு இரண்டு விடை

1
இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அறந்தாங்கியிலிருந்து ஜெகதாப்பட்டினம் போகும் காலை பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் போனில் சொன்னாள்: "எக்செல்லு ரெண்டு விடை சொல்லுதுக்கா. நான் எதச் சொல்ல?" அதோடு இறங்கிவிட்டாள். மீதியை நான்தான் கட்டவேண்டியிருக்கிறது. தேவிப்ரியா என்று பெயர் வைக்கிறேன்.

2
கடற்காற்று தலைமுடியைக் கலைக்க அவள்... (வேண்டாம். கணக்கெழுதுகிறவளுக்கு ஏது கடற்காற்று?)

ஐஸ் கம்பெனியில் தேவிப்ரியா கணக்குப் பார்க்கிறாள். இந்த மாதம் கையிருப்பில் 7,140 ரூபாய் குறைந்து கணக்கு உதைக்கிறது. முதலாளி உதயசூரியன் நேற்றே சொல்லிவிட்டார். "யாரு கைய வச்சதுன்னு நாளைக்கு வந்ததும் சொல்லும்மா. ஆள நிப்பாட்டிருவோம்."

எந்தெந்த பில்லைக் கூட்டினால் அந்தத் தொகை வரும் என்று எக்செல்லே தேடும். தேடவிட்டாள். மூன்று டீசல் பில் வந்தது. மூன்றும் வேன் டிரைவர் ஜெபக்குமார் கொடுத்தவை. அவற்றுக்கு அவன் இரண்டு தடவை பணம் வாங்கியிருந்தால் கணக்கு நேராகிவிடும்.

3
இங்கேயே சுபம் போட்டிருக்கலாம். ஆனால் ஜெபக்குமாரைத் திருடனாக எழுத எனக்குக் கை வரவில்லை. தினமும் அவளுக்கும் சேர்த்து இட்லி வாங்கிவருகிறவன். (இட்லி வாங்கித் தருகிறவன் திருடமாட்டானா? தெரியவில்லை.)

அவளுக்கும் மனசு கேட்கவில்லை. டீசலை ஒதுக்கிவிட்டு மறுபடி தேடவிட்டாள். இப்போது இரண்டு ஐஸ் பில், இரண்டும் முனியாயி வீட்டுப் படகுக்குப் போனது. வரவு என்று எழுதிய அந்தப் பணம் வசூலாகவே இல்லையென்றாலும் கணக்கு நேராகிவிடும்.

[அடிக்குறிப்பாக வரவேண்டியது: இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட படகுக்காரர் வீட்டில் ஐஸ் காசு கேட்பதில்லை, ஆள் திரும்பும்வரை. அந்த ஐஸை ஏற்றிப்போன முனியாயியின் புருஷன் இப்போது அக்கரைச் சிறையில் இருக்கிறான். உதயசூரியன் வழக்கம் பார்க்கிற ஆளில்லை. தெரிந்தால் இன்றைக்கே காசு கேட்டு முனியாயி வாசலுக்கு ஆள் அனுப்புவார்.]

4
ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். "எஞ் சம்பளத்துல பிடிச்சுக்கங்க சார்," என்கிறாள் தேவிப்ரியா. நல்ல மனசுதான். ஆனால் எடுத்தவளே அவள்தான் என்றாகிவிடும். அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் அவள் ஜெபக்குமாரிடமே கேட்கிறாள். அவன் முகம்... கோபமா, பயமா? இரண்டும் எழுதினேன், இரண்டும் பொருந்துகிறது. அதையும் அடித்துவிட்டேன்.

5
உதயசூரியன் வந்துவிட்டார். தேவிப்ரியா எழுந்து நிற்கிறாள். வெளியே ஜெபக்குமார் வேனில் ஐஸ் ஏற்றுகிறான். அவன் வைத்துவிட்டுப் போன இட்லிப் பொட்டலம் அவள் மேசையில் இன்னும் சுடுகிறது.

"சொல்லும்மா, யாரு?"

அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். என்னைப் பார்த்துப் பிரயோசனமில்லை, எனக்கும் இரண்டு விடை வருகிறது.