அலைகரைக் காணி

புளியங்குளம் சந்தியில் பஸ் வந்து நின்றதும் காணித் தரகர் யோகலிங்கம் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இறங்கியவரின் கால் நகங்களில் செம்மண் சாயம் ஏறியிருந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. பெயர் இளையதம்பி. அவருக்குப் பின்னால் மனைவி இராசேஸ்வரி ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள்.

"இருந்த தோட்டத்தை வித்துப்போட்டு வந்திருக்கிறம், அண்ணை," என்றார் இளையதம்பி. "பெடியள் நாலு. ஊரிலை இருந்த ரெண்டு பரப்பு நிலத்தை நாலாப் பிரிச்சால் ஒருத்தனுக்கு ஒரு வாழைதான் வைக்கலாம். பத்து ஏக்கராவது வேணும். குளத்துக்குப் பக்கத்திலை வேணும். இனித் திரும்பிப் போறதுக்கு அங்கை ஒண்டுமில்லை."

"குளத்துக்குப் பக்கத்திலைதான் கிடக்கு," என்றார் யோகலிங்கம்.

அது பொய்யில்லை. காணித் தரகில் இத்தனை வருடமாக அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை; அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கேட்டதற்குப் பதில் சொல்வார். கேளாததைத் தானாகச் சொல்லமாட்டார். காணி காட்டுவதற்குத் தை மாதத்தையே தேர்ந்தெடுப்பார். மாரி முடிந்து குளங்கள் நிறைந்திருக்கும் காலம் அது. பார்க்க வருகிறவரின் கண்ணும் நிறைந்துவிடும்.

வண்டிலில் போய் இறங்கியபோது, காணியை விற்கும் பரமலிங்கம் அங்கே காத்துக்கொண்டு நின்றான். அவனும் யாழ்ப்பாணத்தவன்தான். மூன்று வருடங்களுக்கு முன் யோகலிங்கம்தான் அவனுக்கு இதே காணியை, இதே தை மாதத்தில் வாங்கிக் கொடுத்தவர்.

காணியின் எல்லையில் குளத்து நீர் தளும்பிக்கொண்டிருந்தது. இளையதம்பி செருப்பைக் கழற்றிவிட்டு நீருக்குள் இறங்கி நின்றார். ஊரில் ஒரு வாளி தண்ணீருக்காகக் கிணற்றின் அடிவரை துலாவை மிதித்தவர் அவர். முழங்கால் அளவு நீரில் நின்றபடி இரு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவினார்.

"காலைக் கழுவக்கூட நடக்கத் தேவையில்லை, அண்ணை," என்றான் பரமலிங்கம். "தண்ணி வாசலிலை வந்து நிக்கும்."

யோகலிங்கத்துக்குச் சுருக்கென்றது. அது அவருடைய வார்த்தை. மூன்று வருடங்களுக்கு முன் இதே இடத்தில் நின்று பரமலிங்கத்துக்கு அவர் சொன்னது.

இராசேஸ்வரி குளக்கட்டின் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, கட்டுக்கு அங்காலை முழுக்க நெல்லு விளைஞ்சு கிடக்கு. இஞ்சாலை ஒரு கதிரும் இல்லை. ஏன்?"

"இவ எல்லாத்திலையும் குறை பிடிப்பா," என்று சிரித்தார் இளையதம்பி. "கலியாணம் பேசேக்கை உப்பிடி ஒரு கேள்வியாவது கேட்டனீரே?"

"கேட்டிருந்தால் இண்டைக்கு இந்த வெயிலுக்கை நிக்கமாட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் பரமலிங்கம் சொன்னான்: "காடு வெட்ட ஆள் காணாது, தங்கச்சி. அதுதான் விதைக்கேல்லை."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யோகலிங்கத்தைத்தான் பார்த்தான். நான் சரியாகச் சொல்கிறேனா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

யோகலிங்கம் நீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பரமலிங்கம் பொய் சொல்கிறவனல்ல. காணி உறுதி எழுதிய அன்று நொத்தாரிசின் வாசலில் கும்பிட்டு, "உங்களை நம்பித்தான் அண்ணை," என்று சொன்னவன். இப்போது அதே பாவத்தை இன்னொரு யாழ்ப்பாணத்தானின் தலையில் இறக்கப் பார்க்கிறான். இந்த வித்தையை அவனுக்குப் பழக்கியது யார்?

வண்டில் மாட்டின் மணி மட்டும் இடைக்கிடை ஒலித்தது.

"தம்பி, தண்ணியை விட்டு ஏறி வாங்கோ," என்றார் யோகலிங்கம். "இது அலைகரை. குளத்தின்ரை மேல்பக்கம். துருசுக் கதவாலை வாற தண்ணி கட்டுக்குக் கீழைதான் பாயும். மேலை ஏறாது. மிசின் வைச்சு இறைக்கவும் கீழ் வயல்காரர் விடமாட்டினம். மழை கூடினால் குளம் ஏறி விதைச்சதை அழிக்கும். ஆடியிலை வந்து பாருங்கோ, தண்ணி அரை மைல் தூரம் போயிருக்கும்."

இளையதம்பி நீருக்குள் நின்றபடியே கேட்டார். "அப்ப பத்து ஏக்கர்?"

"உங்கடை காசுக்குக் கட்டுக்குக் கீழை மூண்டு ஏக்கர் வரும். மாரியிலை செய்யிற காலபோகம் தவறாது. கோடைச் சிறுபோகம் மழையைப் பொறுத்தது. அதுக்கு நான் சத்தியம் பண்ணமாட்டன். நாலு பெடியளுக்கும் அது காணுமோ எண்டு யோசிச்சு முடிவெடுங்கோ."

பரமலிங்கம் கத்தினான்.

"இவருக்குத் திறக்கிற வாயை அண்டைக்கு எனக்கு ஏன் திறக்கேல்லை? மூண்டு வருசம்! பொஞ்சாதியின்ரை தாலிக்கொடியும் போயிட்டுது. கீழ்வயலிலை கூலிக்குப் போறன். இப்ப வித்துப் போவமெண்டால் அதையும் கெடுக்கிறியள். நான் செய்த குற்றமென்ன?"

இராசேஸ்வரி பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னிலை ஒரு குற்றமுமில்லை," என்றார் யோகலிங்கம். "நீ கேக்கேல்லை, நான் சொல்லேல்லை எண்டு இவ்வளவு நாளும் என்னை நானே ஏய்ச்சுப்போட்டன். கிணத்தை மட்டும் கண்டவன் குளத்தைப் பற்றி என்னெண்டு கேப்பான்? தெரிஞ்சவன்தான் சொல்லவேணும். தெரிஞ்சுகொண்டு வாயை மூடி நிக்கிறதும் களவுதான். இந்தக் காணியை நான் வித்துத் தாறன், பரமலிங்கம். மாட்டுப் பட்டிக்காரரிட்டை, உள்ளதைச் சொல்லி. உனக்கு நட்டம்தான். என்ரை தரகு வேண்டாம், அண்டைக்கு உன்னட்டை வாங்கினதையும் திருப்பித் தாறன்."

பரமலிங்கம் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். பிறகு இராசேஸ்வரியின் பக்கம் திரும்பி, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"இது மாடு மேய்க்கத்தான் நல்லது, தங்கச்சி. நெல்லுக்குச் சரிவராது."