டைவர் சீட்டில் நான்

பாரி செத்து ஏழாவது நாள். தங்க வயலில், மைசூர் மைன்ஸில் இருக்கும் என் மாமியார் வீட்டுக்கு புத்த பிக்கு வந்து திரிசரணம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாமியார் சரோஜா ஒவ்வொருவரையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டு, எல்லோரிடமும் ஒரே பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கடைசி நேரத்துல நம்ம ஆளு ஒருத்தரு பக்கத்துல இருந்தாரு. மாப்ள மேலே இருந்து பாத்துக்கினே இருந்தாரு. எம்புள்ள அநாதையா போவல."

அடுத்து குரல் மாறும். "தண்ணில குதிச்சுக் காப்பாத்த வேண்டிய அந்த டைவர் பாவி மட்டும் அவன் எடத்துல இருந்திருந்தா, பாரி இன்னிக்கு உசுரோட இருப்பான். அவன் கைக்குச் சோறு கெடைக்காமப் போவட்டும்."

அந்த மாப்பிள்ளை நான்தான். சித்தார்த். பாரியின் அக்கா ஓவியாவைக் கட்டியவன். பெங்களூரில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன். அத்தை ஒவ்வொரு முறை அப்படிச் சொல்லும்போதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைத்து, வந்தவர்கள் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பேத்தமங்களா ஏரியில் மோட்டார் படகுப் பந்தயம் என்றதும் ஊரே சிரித்தது. நாம் குடித்து வளர்ந்த தண்ணீரில் பெங்களூர்ப் பணக்காரர்கள் படகு விடப்போகிறார்களாம். ஆனால் அதில் ஒரு படகைப் பாரி ஓட்டப்போகிறான் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் படகுக்காரரிடம் மெக்கானிக்காக இருந்தவன் பாரி. சத்தத்தை வைத்தே இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். முதலாளி அவனையே உட்காரவைத்துவிட்டார். வீடியோ எடுக்கும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

அந்தப் படகுகள் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும். கவிழ்ந்தால் ஓட்டுகிறவன் பெல்ட்டோடு தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்குவான். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் யாராவது போய் பெல்ட்டை அறுத்து இழுக்க வேண்டும். அதற்காகத்தான் ஹெலிகாப்டர். படகுக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கவிழ்ந்தால் உள்ளே இருக்கும் டைவர் குதிப்பார்.

எனக்கு வந்த ராசி, காலை ஒன்பது மணிக்கே என் ட்ரோன் ஏரியில் விழுந்து முங்கிவிட்டது. மேலேயிருந்து எடுத்த படம் இல்லாமல் அது என்ன வீடியோ? ஹெலிகாப்டர் நிழலில் ஒருவர் ரப்பர் உடுப்போடு உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டு, வெயிலைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"அண்ணே, நீங்க கேஜிஎஃபா?"

"சாம்பியன் ரீஃப்."

"எந்த லைன்?"

தங்க வயல்காரர்கள் எங்கே சந்தித்தாலும் முதலில் கேட்பது லைன்தான். பெயர் அப்புறம். சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த வீட்டு வரிசைகளில் எது என்று தெரிந்துவிட்டால், அடுத்த நிமிடம் சொந்தக்காரர் ஆகிவிடுவோம். அவர் பெயர் ஸ்டீவன். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். என் மாமனாரின் பெயரைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பாரி அவருடைய மகன் என்றதும் எழுந்தே நின்றுவிட்டார்.

ஹெலிகாப்டர் சின்னது. அந்த வெயிலில் பைலட்டோடு இன்னும் ஒருவரைத்தான் ஏற்றும். பந்தயத்துக்கு முன்னால் நடக்கும் ட்ரையலில் மட்டும் அவர் இடத்தில் நான் ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"நம்ம பையன் ஓட்றான், நம்ம ஆளு படம் புடிக்கிறாரு. போய்ட்டு வாங்க தம்பி. ரெண்டே ரவுண்டு," என்றார்.

பைலட் முணுமுணுத்துக்கொண்டேதான் சம்மதித்தார். தாழ்ந்து பறக்கமட்டும் மாட்டேன் என்றார். விசிறியின் காற்று பட்டால் படகின் மூக்கு தூக்கிக்கொள்ளுமாம். அந்த ஜாக்கிரதை எங்களுக்கு இருந்தது. ஒரு தென்னைமர உயரத்துக்குக் கீழே நாங்கள் இறங்கவே இல்லை. சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

இரண்டாவது ரவுண்டில் பாரி எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நான் ஃபோகஸைத் தவறவிட்டேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்," என்று கேட்டேன். மூன்றாவது ரவுண்டு நான் கேட்டு வாங்கியது.

அந்த ரவுண்டில், தான் கிளப்பிய அலையிலேயே மோதிப் படகு கவிழ்ந்தது. பைலட் ஹெட்ஃபோனில் "டைவர், குதி," என்று கத்தினார். பழக்கத்தில் வந்த வார்த்தை. பிறகு திரும்பிப் பார்த்தார். கேமராவும் நானும் இருந்தோம். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் மூடிப்போன சுரங்க ஷாஃப்ட்டில் கிடப்பதுதான். பக்கத்தில் போனாலே வீட்டில் அடி விழும். கீழே படகின் அடிப்பக்கம் வெள்ளையாக மிதந்தது. தூரத்துக் கரையிலிருந்து ஸ்டீவன் நீந்தி வந்துகொண்டிருந்தார். அவரைக் காவல் படகு ஏற்றிக்கொண்டு வந்து சேர நாலு நிமிடம் ஆனது. அந்த நாலு நிமிடமும் நான் மேலேயிருந்து பார்த்தேன். அத்தை சொல்வது பொய்யில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

விசாரணையில் பைலட், டைவர் வரவில்லை என்று மட்டும் சொன்னார். நான் படம் பிடிக்க ஏறியது எல்லோருக்கும் தெரியும்; யார் சீட்டில் என்பதுதான் தெரியாது. ஸ்டீவன் தானாகவே இறங்கினேன் என்று எழுதிக் கொடுத்தார். அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தார்.

"துக்க வூட்ல உங்க பேரு இன்னாத்துக்கு தம்பி? நான் பாத்துக்கிறேன். ஏழாம் நாளுக்கு வந்து அம்மாவப் பாக்கட்டுமா?"

வரவேண்டாம் என்று சொன்னேன். நான் அவ்வளவு யோக்கியன்.

கடைசியாகக் கிளம்பியவர் பெருமாள். மாமனாரோடு சுரங்கத்தில் ரெஸ்க்யூ டீமில் இருந்தவர். செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அந்த டைவர் எங்க லைன்தாம்மா. ரெண்டு நாளா வூட்டு மேல கல்லு எறியறாங்க. அவன் பொண்டாட்டி புள்ளைங்க கதவச் சாத்திக்கினு உள்ளேயே கீறாங்க."

"எறியட்டும்," என்றார் அத்தை. "எங்க வூட்டுக்காரரு சுரங்கத்துல சைரன் கேட்டா தட்டுல கை வெச்ச சோத்த அப்படியே உட்டுட்டு ஓடுவாரு. நீயும்தானே கூட ஓடுன. எடத்த உட்டுட்டுப் போறவன் மனுசனா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அத்த, அவரு எடத்துல நான்தான் உக்காந்திருந்தேன். நான் கேட்டேன், அவரு குடுத்தாரு. ரெண்டு ரவுண்டுன்னாரு. மூணாவது நான் கேட்டது."

ட்ரோன் விழுந்ததிலிருந்து போன் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ஓவியா கதவருகே வந்து நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பெருமாள் ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றார்.

அத்தை நான் நினைத்தது போலக் கத்தவில்லை. பெருமாளிடம்தான் முதலில் பேசினார்.

"அந்த டைவர் புள்ளய நாளைக்கு இங்க வரச் சொல்லுண்ணே. குடும்பத்தோட வரட்டும். வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்."

பெருமாள் தலையாட்டிவிட்டுப் போனார். அத்தை என்னிடம் வந்தார். ஏழு நாளில் பாதியாகிப்போன உடம்பு. நான் அடியை எதிர்பார்த்தேன். கொடுத்திருந்தால் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நம்ம ஆளு பக்கத்துல இருந்தாருன்னு நெனச்சுக்கினுதான் மாப்ள, இந்த ஏழு நாளா ஒரு வாய் சோறு எறங்கிச்சு," என்றார். "இனிமே நான் இன்னாத்த நெனச்சுக்கினு துன்றது? நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நிஜமாகவே என்னிடம் ஒரு பதில் இருக்கும் என்று நம்பிக் காத்திருந்தார்.