உண்ணி இல்லாத கிடா

இந்தக் காலத்தில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை என்பது கைருதீனின் முடிவு. சரக்கைக் குறை சொல்கிறவன் வாங்க வந்தவன். நன்றாயிருக்கிறது என்கிறவன் வாங்கமாட்டான். பெருமாநல்லூரில் முப்பது வருடம் பனியன் கட்டிங் வேஸ்ட் வியாபாரம் செய்து கற்றது அவ்வளவுதான். எவர் பேச்சையும் புரட்டித்தான் எடுத்துக்கொள்வார்.

பெங்களூரில் ஆராய்ச்சி படிக்கும் மகள் ரைசா போனில், குர்பானிக்கு அறுக்க வாங்கிய கிடாவின் மேல் உண்ணி இருந்தால் அப்படியே விட்டுவையுங்கள், மூன்று நாள் தங்கிப் பொறுக்கிக்கொண்டு பெருநாளும் முடித்துப் போகிறேன் என்றபோது அவருக்குச் சுருக்கென்றது. உண்ணி யாருக்கு வேண்டும்? அத்தா கிடாவை அழுக்காக வைத்திருக்கிறார் என்று குத்துகிறாள். சுத்தமாக இருந்தால் தங்குவாள்.

மனைவி சபுரா பீவி மவுத்தாகி அடக்கமான பின் மகள் வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் அன்றைக்கே திரும்பிவிட்டாள். கைருதீன் கிடாவின் காது, வாலடி, கால் இடுக்கு என்று தேடி ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கிச் சீமெண்ணெயில் போட்டார். வேப்பெண்ணெய் தடவி வெள்ளைப் பனியன் துணியால் துடைத்தார். மகளின் கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டார்.

வந்தவள் பையை இறக்காமலே கிடாவின் காதை மடக்கிப் பார்த்தாள்.

"எங்கீங்கத்தா உண்ணியெல்லாம்?"

"ஒண்ணுவிடாம எடுத்துட்டேன். நீதான கண்ணு குத்திக்காட்டுன."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. சீமெண்ணெயில் செத்தது உதவாதாம். பல கோடி வருடம் முன்பு ஒரு பாக்டீரியாவின் மரபணு எப்படியோ உண்ணியின் உடம்புக்குள் தாவிவிட்டதாம். அதை வைத்தே உண்ணி இப்போது பாக்டீரியாவைக் கொல்கிறதாம். நம்மூர் உண்ணியிலும் அது இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம்.

"பெத்தவங்க குடுக்காதது எப்படி உடம்புக்குள்ள வரும்?"

"வந்துருக்குதுங்கத்தா."

"சரி, வந்துச்சு. உட்டுட்டு வந்த எடத்துக்கு என்னைக்காச்சும் திரும்பிப் போவுமா?"

"போனதா யாரும் பாத்ததில்லீங்க. வந்த எடத்துக்கே சொந்தமாயிரும்."

கைருதீன் எழுந்து உண்ணி தேடித் தெருவுக்குப் போனார். பக்கத்து வீட்டு யாசினின் கிடாவைப் போய்த் தடவினார். எதிர் வீட்டுக் கிடாவின் வாலைத் தூக்கிப் பார்த்தார். தெருவில் இருந்த பெருநாள் ஆடுகள் அத்தனையும் குளித்து மினுமினுத்தன. யாசின், மாப்பிள்ளை பார்க்கிறீர்களா என்று கேட்டான். அவர் வீட்டுக்குத் திரும்பினார்.

குன்னத்தூர்ப் பக்கம் ஆட்டுப்பட்டிகள் இருக்கின்றன, அங்கே தோழி வீட்டில் தங்கித்தான் உண்ணி பொறுக்கவேண்டும் என்றாள் ரைசா. சோறு ஆக்கிவைத்திருப்பதாகச் சொன்னார். நான்கு வாய் தின்றாள்.

பஸ் ஏறும்போது, "பெருநா அன்னிக்கிக் காலைல வந்துருவனுங்கத்தா," என்றாள்.

"பாக்கலாம்."

பஸ் நகரும்வரை அவர் நிற்கவில்லை. தாவுதாம், சொந்தமாயிருதாம், திரும்பியே வராதாம். உண்ணி வயிற்றுக்குள் எவன் போய்ப் பார்த்தான் என்று முணுமுணுத்தபடி தன் வேஸ்ட் குடோன் பக்கம் நடந்தார்.