கேட்கக் கூடாத கேள்வி

டெல்மரின் பிக்கப்பில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. இன்டர்வியூவுக்கான கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் மான் வேட்டைக்குப் போடும் ஜாக்கெட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். மலையை விட்டு இறங்கும் வரை அவன் பேசவில்லை. பெரிய சாலையில் ஏறியதும் ஆரம்பித்தான்.

"சரி மாப்ளே. நான்தான் டாக்டர். நீ கதவத் தொறந்து உள்ள வர்ற. ஏன்டா டாக்டராகணும்?"

"அப்படிக் கேக்க மாட்டாங்க."

"எப்படிக் கேப்பாங்க?"

"மரியாதையா."

"சரி. ஐயா, ஏன்டா டாக்டராகணும்?"

பதில் சொன்னேன். தலையாட்டினான். அடுத்ததைக் கேட்டான். இரண்டு மாதமாக நான் சமையலறையில் இந்தப் பதில்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தபோது அவனும் அங்கே இருந்ததால் கேள்விகள் அவனுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு பதிலை மட்டும் நான் அவன் முன்னால் சொல்லிப் பார்த்ததில்லை.

"உன் மார்க் ஷீட்ல ஒரு செமஸ்டர் மொத்தமா காணோமே. அதுக்கு அப்புறம் ஒரு சி கிரேடு வேற. என்னடா அது?"

அதையும் சொன்னேன். ஒரே நேரத்தில் பல பொறுப்புகளை ஏற்றுக்கொண்டேன், டைம் மேனேஜ்மென்ட்டில் தவறு செய்தேன், அதிலிருந்து மூன்று விஷயங்கள் கற்றுக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனோம்.

"திரும்பச் சொல்லு."

"எதுக்கு?"

"என் தங்கச்சி டைம் மேனேஜ்மென்ட்டான்னு கேட்டுக்கணும்."

ட்ரீவா என் மனைவி. டெல்மருக்குத் தங்கை. ரத்தப் புற்றுநோய். போன மார்ச்சில் இறந்தாள். அந்த செமஸ்டரில் எடுத்த எல்லாப் பாடங்களையும் பாதியில் விட்டேன். கோடையில் உயிர்வேதியியலை மறுபடி எடுத்தேன். அதுதான் அந்த சி.

"இன்டர்வியூவுக்குக் கோச்சிங் குடுத்த ஆளு சொல்லித்தந்த பதில்" என்றேன். "பொண்டாட்டி செத்து ஒரு வருஷம்கூட ஆகலன்னா வாயே தொறக்காதன்னான். இவன் தன்னக் குணப்படுத்திக்க டாக்டருக்குப் படிக்க வந்திருக்கான்னு நெனச்சுருவாங்களாம்."

"அவன் எந்த ஊரு?"

"கலிஃபோர்னியா."

"அவன் வீட்ல யாரும் சாகலையா?"

விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகளில் இது ஒன்றுதான் கூப்பிட்டிருந்தது. இதுவும் போனால் டெல்மர் லாரி ஓட்டும் நிலக்கரிக் கம்பெனியில் எனக்கும் ஒரு லாரி. அவனே முதலாளியிடம் பேசி வைத்திருந்தான். நல்ல வேலைதான். ஆனால் எனக்கு அது வேண்டாம். அந்த மார்ச்சுக்குப் பிறகு வேண்டும், வேண்டாம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"நான் இங்கதான் வண்டில இருப்பேன்" என்றான், கல்லூரி வாசலில். "அந்த ஜாக்கெட்டக் கழட்டிட்டுப் போ. மான் ரத்தம் இருக்கு."

உள்ளே எல்லோரும் கறுப்பு கோட்டில் இருந்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் முதல் பெயர் மட்டும். என்னுடையதில் 'எல்டன்'. குடும்பப் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டதாக ஆபீஸ் பெண் சொன்னாள். இந்தக் கல்லூரி மலைப்பகுதிக்கு டாக்டர்களை உருவாக்குவதற்காக வந்தது. அதனால் ஒவ்வொரு இன்டர்வியூ பேனலிலும் டாக்டரோடு உள்ளூர்க்காரர் ஒருவரும் உட்காருவார். மலைக்காரர்கள் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிட்டால் மார்க் நியாயமாக இருக்காது.

குடும்பத்தைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டத்தையும் வாசித்துக் காட்டினாள். அந்தச் சட்டம் எனக்கு வசதியாக இருந்தது.

என் பேனலில் டாக்டர் ஹென்ஸ்லி இருந்தார். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. பக்கத்தில் ஓபல் காடில் என்ற அம்மாள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் சுருட்டிய கைக்குட்டை.

முதல் சில கேள்விகள் சாதாரணமாகப் போயின. பிறகு ஹென்ஸ்லி என் மார்க் ஷீட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

"இந்த ஸ்பிரிங் செமஸ்டர். எல்லாமே பாதியில விட்டது. என்ன ஆச்சு?"

சொன்னேன். பல பொறுப்புகள். டைம் மேனேஜ்மென்ட். மூன்று விஷயங்கள். தடுமாறாமல் சொன்னேன். அவர் எதையோ எழுதினார், அதிகம் எழுதவில்லை. என் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பொய் என்று பிடித்துவிட்டாரா, அல்லது இதே பதிலை இன்று நாலாவது ஆள் சொல்கிறானா, தெரியவில்லை.

"ஓபல், நீங்க ஏதாவது கேக்கறீங்களா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உன் பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே. எந்த ஓடைப் பக்கம்?"

"லாரல் ஓடைம்மா."

ஹென்ஸ்லி தொண்டையைச் செருமினார்.

"ஊரக் கேக்கலாம்தானே டாக்டர்?"

"ஊரோட நிறுத்திக்கலாம்."

நிறுத்தத்தான் நினைத்திருப்பார். ஆனால் எங்கள் மலையில் இரண்டு பேர் சந்தித்தால் அடுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். அது தானாக வாயில் வந்துவிடும்.

"யாரு வீட்டுப் புள்ள?"

பதிலும் அப்படித்தான். "ஹோபர்ட் ஸ்லோன் மகன்" என்று நான் சொல்லி முடித்த பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்பது உறைத்தது. ஓபலின் முகம் அதற்குள் மலர்ந்துவிட்டது.

"ஹோபர்ட்டோட சின்னவனா நீ. அப்போ அந்த ராட்லிஃப் பொண்ணக் கட்டினது நீதானா? மருந்துக்கடை ஜன்னல்ல நிப்பாளே, ட்ரீவா. என் மாத்திரையெல்லாம் கெழமை வாரியாப் பிரிச்சு டப்பால போட்டுத் தருவா. இது காலைல, இது ராத்திரி, மாத்திப் போட்டா உன்ன அடிப்பேன் ஓபல்ம்பா. நான் மக வீட்டோட வந்தப்புறம் அந்தப் பக்கமே போகல. எப்படி இருக்கா?"

"ஓபல்" என்றார் ஹென்ஸ்லி.

இரண்டு மாதம் தயார் செய்த கேள்விகளில் இது இல்லை. சட்டப்படி நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மணி என்ன என்று கேட்டால் சொல்வது போல வந்தது.

"இறந்துட்டாம்மா. மார்ச்ல."

ஹென்ஸ்லியின் கண் மார்க் ஷீட்டுக்கு இறங்கியது. மார்ச் மாதம் விழுந்த அந்த ஸ்பிரிங் செமஸ்டரில் நின்றது. பிறகு அவர் எழுதிய குறிப்புக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன் நான் சொன்ன மூன்று விஷயங்களும் அந்தத் தாளில் இருந்தன.

"ஐயோ கண்ணு" என்றார் ஓபல். கைக்குட்டையை வாய்மேல் வைத்துக்கொண்டார்.

ஹென்ஸ்லி பேனாவை மூடினார். "மிஸ்டர் எல்டன், இது கேக்கக் கூடாத கேள்வி. நான் தடுத்திருக்கணும், தடுக்கல. இத ஆபீஸ்ல சொல்லியாகணும். உங்களுக்கு மத்தியானம் வேற பேனல் குடுப்பாங்க. இங்க நடந்தது அவங்களுக்குத் தெரியாது, எங்க மார்க்கும் செல்லாது. இல்ல, இதையே தொடரலாம்னு நீங்க எழுதிக் குடுத்தா தொடரலாம். உங்க இஷ்டம்."

"எது எனக்கு நல்லது சார்?"

"அத நான் சொல்லக் கூடாது."

"நான் சொல்றேன்" என்றார் ஓபல். "ஏற்கெனவே ஒரு தப்பு பண்ணியாச்சு, இன்னொண்ணு ஆகட்டும். வேற பேனலுக்குப் போ கண்ணு. இனிமே நீ என்ன சொன்னாலும் நான் முழு மார்க் போட்டுருவேன். அது அவளுக்குப் போட்டதா இருக்கும்."

வேற பேனல் என்றேன்.

வாசலுக்கு வந்தேன். டெல்மர் வண்டியில் போலோனி இறைச்சி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். பாதியை நீட்டினான். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டான். மென்று முடித்தான்.

"அப்போ ட்ரீவா உன்ன உள்ளேர்ந்து தூக்கி வெளிய போட்டுருக்கா."

"ஆமா."

"மறுபடி உள்ள அனுப்பவும் செஞ்சுட்டா."

"ஆமா."

"அவ பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான். சண்டையும் அவளே இழுப்பா, சமாதானமும் அவளே." காகிதத்தைக் கசக்கினான். "அந்தக் கிழவி மாத்திரய ஒழுங்காப் போட்டுக்குதாமா?"

"கேக்கல."

"கேட்டிருக்கணும்."

அவன் டைம் மேனேஜ்மென்ட் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மதியப் பேனலுக்கு ஒன்றும் தெரியாது. பழைய பதிலையே மறுபடி சொல்லலாம். இந்த முறை அதைக் காட்டிக்கொடுக்க ஓபல் இல்லை. கோட்டில் விழுந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

இரண்டாவது பேனலில் டாக்டர் யோடர் என்ற பெண். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். பக்கத்தில் ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியர். அவர் கடைசி வரை வாய் திறக்கவில்லை. ஓபல் விஷயத்தைச் சொல்லாமல் எச்சரித்து வைத்திருந்தார்கள் போல.

யோடர் சுற்றி வளைக்கவில்லை. "ஸ்பிரிங் செமஸ்டர் என்ன ஆச்சு?"

"என் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய். நான்தான் பாத்துக்கிட்டேன். மார்ச்ல இறந்துட்டா. கோடைல படிக்க உக்காந்தேன். படிச்சது தலைல ஏறல. அதான் அந்த சி."

அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. அது எனக்கு உதவியாக இருந்தது.

"இப்ப ஏறுதா?"

"செப்டம்பர்லேர்ந்து ஏறுது. இந்த செமஸ்டர் மார்க் டிசம்பர்ல வரும். அதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

எழுதிக்கொண்டார்.

"புற்றுநோய் வார்டுக்குப் போக வேண்டி வரும். உங்க மனைவி வயசுல ஒரு பொண்ணு படுத்திருப்பா. என்ன பண்ணுவீங்க?"

கோச்சிங் ஆளிடம் இதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். எனக்கு ஞாபகம் வரவில்லை.

"தெரியல மேடம்" என்றேன். அது போதாது என்று பட்டது. "போன மாசம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவ இருந்த மாடிக்கு. லிஃப்ட் தொறந்துச்சு. எறங்கல. அப்படியே கீழ வந்துட்டேன். அடுத்த வாரம் திரும்பப் போனேன். எறங்கினேன். அங்க ஒரு நர்ஸ் அடையாளம் கண்டுபிடிச்சு காபி குடுத்தாங்க. அவ இருந்த ரூம்ல வேற யாரோ இருந்தாங்க. கதவு தொறந்திருந்துச்சு. காபியக் குடிச்சுட்டு வந்துட்டேன்."

"எதுக்குப் போனீங்க?"

"இந்தக் கேள்விய யாராவது கேப்பாங்கன்னுதான்."

தலைமை ஆசிரியர் ஜன்னலைப் பார்த்தார். யோடர் கொஞ்சம் சிரித்தது போலிருந்தது, உறுதியாகச் சொல்ல முடியாது.

"கேட்டுட்டேன்" என்றார். "அடுத்த கேள்வி. கிராமத்துல மருத்துவமனைகள மூடிக்கிட்டே வர்றாங்க. ஏன்னு நெனைக்கறீங்க?"

அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். நிறையப் பேசினேன்.

திரும்பும் வழியில் டெல்மர் கேட்டான். "சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னன்னு?"

சொன்னேன். ரத்தப் புற்றுநோய், மார்ச், தலையில் ஏறாதது. லிஃப்ட் விஷயம் அவனுக்கும் தெரியாது. அதைக் கேட்டதும் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். மலை ஏறத் தொடங்கியதும் ஜாக்கெட்டை எடுத்து என் மேல் போட்டான்.

டிசம்பரில் மார்க் வந்தது. உயிர்வேதியியல் அடுத்த பகுதியில் ஏ கிரேடு. அட்மிஷன் ஆபீஸுக்கு அனுப்பி வைத்தேன். ஜனவரியில் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்திருப்பதாகத் தெரிவித்தார்கள். பனி உருகும் வரை டெல்மர் பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கரி லாரி பழகினேன். லாரியை ரிவர்ஸ் எடுப்பது எனக்குக் கடைசி வரை வரவில்லை.

மே மாதத்தில் போன் வந்தது. ஒரு இடம் காலியாகியிருந்தது. வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றேன்.

டெல்மரைக் கூப்பிட்டேன். அவன் லோடு ஏற்றும் இடத்தில் இருந்தான். பின்னால் இயந்திரச் சத்தம்.

"கெடச்சிருச்சு" என்றேன்.

"என்னது?"

"சீட்டு. கெடச்சிருச்சு."

சத்தம் இல்லாத இடத்துக்கு நடந்து போவது கேட்டது. ஒரு கதவைச் சாத்தினான்.

"அப்போ டைம் மேனேஜ்மென்ட் பாஸாயிருச்சுன்னு சொல்லு" என்றான்.

"ஆமா."

அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.