பிரிக்காத பெட்டி

விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். மீனாட்சிபுரத்துத் தோட்டங்களில் பம்புசெட்டுகள் ஓட ஆரம்பித்தால் மின்சாரம் குறைந்து கொட்டகை விளக்கு மங்கிப்போகும். மங்கிய வெளிச்சத்தில் மணி கோக்க முடியாது.

மணி என்பது அவர்களாக வைத்த பெயர். கசகசாவைவிடக் கொஞ்சமே பெரிய, நடுவில் துளையுள்ள கரிய வளையம். கப்பலில் கொச்சிக்கு வந்து, அங்கிருந்து லாரியில் இந்தத் தகரக் கொட்டகைக்கு வரும். முடி போன்ற செம்புக் கம்பியை அந்தத் துளைகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பாய் பின்ன வேண்டும். கம்ப்யூட்டர் என்ற யந்திரம் கணக்கை நினைவில் வைப்பது இந்தப் பாயில்தான் என்று முதலாளி ஒருமுறை சொன்னார். அந்த யந்திரத்தை இங்கே எவரும் பார்த்ததில்லை. பின்னிய பாய் வந்த வழியே கடல் தாண்டிப் போய்விடும்.

கமலாத்தாள் மூச்சை அடக்கிக் கம்பியைச் செலுத்தினாள். மூச்சுக் காற்று பட்டாலும் மணி உருண்டுவிடும். கழுத்து நரம்பு சுண்டி இழுத்தது. எதிரில் சரஸ்வதியம்மாள் பூதக்கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இப்போதெல்லாம் துடைத்தாலும் தெளிவதில்லை.

"எரியுதாக்கா?"

"எரிஞ்சாத் தேவலையே கண்ணு. ஒரு மணி ரெண்டாத் தெரியுது. கூலியும் ரெண்டாத் தெரிஞ்சாப் பரவால்ல."

கமலாத்தாள் சிரிப்பை விழுங்கினாள். சிரித்தாலும் மணி உருளும்.

அப்போதுதான் முதலாளி ஆறுமுகசாமி உள்ளே வந்தார். அந்த நேரத்தில் வருகிற மனிதரல்ல. கையிலிருந்த மரப்பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"சீமைல இருந்து திரும்பி வந்துருச்சு. உள்ள பூராவும் மணி ஒடஞ்சிருக்குதாம். சரஸ்வதி பின்னின பாய். நீ இன்னிக்கே ஊட்டுக்குப் போயிரும்மா."

போன மாதம் இரண்டு பேர் இப்படித்தான் போனார்கள். கை சரியில்லாதவள் போனால் கொட்டகை பிழைக்கும் என்று மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். கமலாத்தாளும் குனிந்தவள்தான்.

சரஸ்வதியம்மாள் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். களை எது, பயிர் எது என்று தெரியாத கண்ணை இனி எந்தக் காட்டுக்காரர் கூலிக்குக் கூப்பிடுவார்?

"கமலா, பெட்டியக் கொண்டுபோயி ரூமுல வை," என்றார் முதலாளி.

தூக்கியவள் நின்றுவிட்டாள். விரல் கயிற்று முடிச்சில் பட்டது. பெட்டி கட்டுவது அவள் வேலை. மாடும் கன்றுமாக வளர்ந்தவள். கன்றைக் கட்டுகிற முடிச்சைத்தான் பெட்டிக்கும் போடுவாள். அது தெரியாதவன் கயிற்றை அறுத்துத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். கயிறு அறுபடவில்லை. நுனி அவள் செருகியபடியே இருந்தது.

"ஏனுங்க, இந்தப் பெட்டிய ஆருங்க பிரிச்சுப் பாத்தது?"

"சீமைக்காரன்தான்."

"பாத்துப்போட்டு என்ற முடிச்சையே திருப்பிப் போட்டானுங்களா? அங்கயும் கன்னுக்குட்டி கட்டறவங்க இருக்கறாங்களாட்ட."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆறுமுகசாமி சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் போட்டார். கறுப்பாக, இரண்டு பக்கமும் உலோகக் கால்கள் முளைத்து, செத்த பூரானைப் போலக் கிடந்தது.

"இதுக்குப் பேரு சிப்பு. நீங்க அல்லாரும் சேந்து பின்னற பாய் இதுக்குள்ள அடங்கிருது. மிசின்லயே பண்றான். இனி நம்ம பாய் அவனுக்கு வேண்டாமாம். பெட்டி கொச்சியத் தாண்டவே இல்ல. நான் என்ன பண்றது? மணியும் அவனுது, வாங்கறவனும் அவன்."

"அதுக்கு எதுக்குங்க அக்கா மேல பழி?"

அவர் அதை எடுத்துத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க மூடினா லேபர் ஆபீசுக்கு நீங்க பதில் சொல்லோணும். நாங்க ஒவ்வொருத்தியாத் தப்புப் பண்ணிப் போனா ஆரும் கேக்க மாட்டாங்க. அப்படித்தானுங்க?"

ஆறுமுகசாமியின் குரல் தணிந்தது. தணிந்த குரல்தான் பயமாக இருந்தது. "எமர்ஜென்சிக் காலம். நாலு பேரு கூடி நின்னாலே ஜீப்பு வரும். இன்னிக்கு லாரி வருது. பூதக்கண்ணாடி, சாமான் அல்லாம் கோயமுத்தூரு போகுது. மரியாதையாக் கெளம்புங்க."

அவருடைய கார் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது.

கமலாத்தாள் வாசலுக்கு ஓடி, செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்த சரஸ்வதியம்மாளின் கையைப் பிடித்தாள். "வந்து உன்ற எடத்துல உக்காருக்கா. இந்தக் கண்ணாடிய எடுக்கறவங்க உன்ற கண்ணுக்கு என்ன வழின்னு சொல்லிப்போட்டு எடுக்கட்டும்."

"ஜீப்பு வந்தா?" என்றாள் கடைசி மேசையிலிருந்த சாந்தம்மாள்.

"நம்ம அத்தன பேரையும் ஏத்த அதுல எடம் பத்தாது. ஆரும் எந்திரிக்காதீங்க."

சாந்தம்மாள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வாசலை நிழல் மறைத்தது. காவலாள் ராக்கப்பன். தினமும் மாலையில் இவர்களுடைய சோற்றுத் தூக்குப்போசிகளைத் திறந்து, கம்பி ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறவன். கையில் பெரிய பூட்டு.

"நீங்க கெளம்பாட்டி, ஜீப்பு வர்ற வரைக்கும் உங்கள உள்ள வெச்சுப் பூட்டச் சொல்லிப்போட்டுப் போனாரு," என்றான். பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "கொட்டகையே போனா நான் எதைக் காக்கறது?" பூட்டை வெளியே புதரில் எறிந்துவிட்டு உள்ளே வந்தான். "சித்தெ தள்ளி உக்காருங்க."

"உன்ற போசியத் தொறந்து காட்டிப்போட்டு உக்காரண்ணா," என்றாள் சரஸ்வதியம்மாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் தூரத்தில் வண்டிச் சத்தம். லாரியா, ஜீப்பா, தெரியவில்லை. சத்தம் நெருங்க நெருங்க, பெண்கள் முக்காலிகளை இழுத்து ஒன்றோடொன்று நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள்.